முன் சீட்டில் யாரையும் ஏற்ற மாட்டேன்

பெரகல சந்தியிலிருந்து மேலே ஏறும் தேயிலைத் தோட்டப் பாதையில் ஒரு சின்ன வெள்ளைக் கார் இறங்கி வந்தால், அதை ஓட்டுவது யார் என்று எவரும் கேட்பதில்லை. ரொஷானிதான். தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் பிறந்து, லயத்திலேயே வாழ்க்கைப்பட்டு, அந்தத் தோட்டத்தில் முதன்முதலாக லைசன்ஸ் எடுத்த பெண்.

அவள் சிறுமியாக இருந்தபோது அவளுடைய அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கொழுந்து ஏற்றும் லொறியில், சாக்குகளுக்கு நடுவே படுக்க வைத்துத்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஹாலிஎல தாண்டுவதற்குள் அம்மாவின் கை குளிர்ந்துவிட்டது. அந்தக் கையைப் பிடித்திருந்தவள் ரொஷானி. அன்றைக்கே அவள் ஒரு சபதம் எடுத்தாள் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் அன்று அவள் அழுதாள், அவ்வளவுதான். கட்டாரில் வேலை செய்யும் கணவன் றுஷாந்தன், பல வருஷங்களுக்குப் பிறகு, "வீட்டைப் பெருசாக்குவோமா, வண்டி வாங்குவோமா?" என்று போனில் கேட்டபோதுதான் அந்த அழுகைக்கு ஒரு பதில் கிடைத்தது.

"வண்டி" என்றாள், மூச்சு விடாமல்.

மொனராகலையில் ஒரு கடைக்காரரிடம் வாங்கினார்கள். ஜப்பானில் ஓடிப் பழசாகி, கப்பலில் வந்து, இங்கேயும் கை மாறிய கார். வாங்கிய புதிதில் அது அவளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. நின்ற இடத்தில் எஞ்சின் குலுங்கும். வளைவில் திரும்பினால் முன் சக்கரத்தில் கடகடவென்று சத்தம் கேட்கும். ஏசி போட்டால் காலடியில் தண்ணீர் சொட்டும். பதுளையில் கராஜ் வைத்திருக்கும் பஸீல் நானாதான் ஒவ்வொன்றாகச் சரி செய்து கொடுத்தார். கார் திருந்தியது. நோயாளிகளையும் நிறைமாதக்காரிகளையும் ஏற்றிக்கொண்டு அவள் மலை இறங்கி ஏறினாள். அவளுடைய வண்டியில் போன எல்லோரும் உயிரோடு திரும்பி வந்தார்கள்.

ஒன்று மட்டும் தீரவில்லை. டேஷ்போட்டில் ஒரு சிவப்பு விளக்கு, சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கும் படத்தோடு, சில நாட்களில் எரியும், சில நாட்களில் அணைந்துவிடும்.

ஒரு நாள் அதைப் பஸீல் நானாவிடம் காட்டினாள். அவர் செசி நம்பரைப் பார்த்து, தன் போனில் கம்பெனியின் இணையப் பக்கத்தில் அடித்தார். அடித்தவரின் முகம் மாறியது.

"தங்கச்சி, ஒங்கட வண்டிய கம்பெனிக்காரனே திருப்பிக் கூப்பிட்டிருக்கான். ரீகோல். நீங்க வாங்க முந்தியே."

"என்ன நானா, எஞ்சினா?"

"எஞ்சினா இருந்தா நான் ஏன் பயப்புடப் போறன்? இது எயார்பேக். முட்டினா பலூன் மாதிரி விரிஞ்சு ஆளக் காப்பாத்துமே, அது. இடது பக்கத்துப் பலூனுக்குக் காத்தடிக்கிற டப்பா பழுது. வெயிலும் ஈரமும் பட்டுப்பட்டு உள்ள இருக்கிற வெடிமருந்து கெட்டுப்போகும். மொனராகலை வெயில்ல நிண்ட வண்டி வேற. முட்டினா டப்பாவே வெடிச்சு, இரும்புத் துண்டெல்லாம் முன்னுக்கு இருக்கிற ஆள்ட மூஞ்சிக்குத்தான் வரும்."

ரொஷானி இடது பக்கத்து முன் சீட்டைப் பார்த்தாள். நேற்று அதில் உட்கார்ந்து வந்தவள் ஒரு நிறைமாதக்காரி. 

"கழட்டிப் போட்டுருங்க நானா."

"கை வெக்க மாட்டன். சில பேர் வயரக் கழட்டி, லைட்டுக்கு மேல டேப் ஒட்டி அனுப்புவானுகள். அது என்ட வேலையில்ல. கொழும்புல கம்பெனிட முகவர் இருக்கார், சும்மாவே மாத்தித் தருவார். ஆனா சாமான் வரணும். அது வரைக்கும் அந்தச் சீட்டுல யாரையும் ஏத்தாதீங்க. டிரைவர் பக்கம் பிரச்சினை இல்ல, பின்னுக்கும் பிரச்சினை இல்ல."

கொழும்புக்குப் போன் எடுத்தாள். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். பதிந்துகொண்டார்கள், காத்திருக்கச் சொன்னார்கள்.

யாரையும் ஏற்றாதீர்கள் என்று சொல்வது சுலபம். ஆனால் தோட்டத்தில் முன் சீட்டுக்கு ஒரு மரியாதை உண்டு. நோயாளி, மணப்பெண், பூசைக்கு வரும் ஃபாதர், இவர்களை முன்னால் வைத்துத்தான் கூட்டிப் போவார்கள். பிள்ளை பெற்றவள் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் நாளில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால்தான் வருவாள். பாதையோரம் நிற்கிறவர்கள் கண்ணாடி வழியாகவே பிள்ளையின் முகம் பார்ப்பார்கள். பின்னால் ஏறச் சொன்னால் அது அவமானம்.

பழுதான அந்த டப்பா இருந்த இடத்துக்கு நேர் மேலே, டேஷ்போட் மூடியில், மாதா சுரூபம் வேறு நின்றது. மாமனார் இராயப்பன் மடுத் திருவிழாவில் வாங்கி வந்து, தன் கையாலேயே பசை போட்டு ஒட்டியது. ஃபாதர் வந்து வண்டியை மந்திரித்தபோது தீர்த்தம் தெளித்ததும் அந்த இடத்தில்தான்.

ரொஷானி ஸ்பெயார் வீலைத் தூக்கி முன் சீட்டில் வைத்து, அதற்கு பெல்ட்டும் போட்டுவிட்டாள். யாரும் ஏற முடியாது.

பெரகல சந்தி சிரித்தது. "அக்கா, ஒங்க டயரம்மாவ எந்த வார்டுல சேக்கப் போறீங்க?" என்று ஆட்டோக்காரர்கள் கேட்டார்கள். "வாந்தி வருதுன்னு சொல்லுச்சா?" என்றான் இன்னொருவன்.

"வந்தா ஒன் ஆட்டோவுல ஏத்தி விடுறேன், தொடச்சுக்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்க்கொண்டே இருந்தாள். கோபித்துக்கொண்டு சிலர் வேறு வண்டி பிடித்தார்கள். அவள் யாரையும் கெஞ்சவில்லை. டயரையும் இறக்கவில்லை.

வீட்டில் சிரிப்பு இல்லை. "ஃபாதர் மந்திரிச்ச வண்டி. மாதா நிக்கிற எடம். ஜப்பான்காரனுக்கு என்னம்மா தெரியும் நம்ம மாதாவப் பத்தி?" என்றார் இராயப்பன். ரொஷானி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். டிலானி பிள்ளை பெற்று வீடு வரும் நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நினைத்திருந்தார். தன் மகளுக்கு மருமகள் இல்லையென்று சொல்வாளா?

டிலானி அவருடைய ஒரே மகள். கல்யாணமாகி வருஷக்கணக்காகப் பிள்ளை இல்லாமல், மடுவுக்கும் மருந்துக்கும் அலைந்து, ஊர்ப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கருத்துப்போன பெண். பதுளை ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்தச் செய்தி வந்த அன்று லயமே சந்தோஷத்தில் அழுதது.

கூட்டி வரும் நாளில் இராயப்பனும் மாமியார் செபஸ்தியம்மாவும் ரொஷானியோடு போனார்கள். அவள் வார்டுக்குள் போய் டிலானியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, கார் மாறியிருந்தது. ஸ்பெயார் வீல் டிக்கிக்குள் போயிருந்தது. முன் சீட்டில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. முன் கதவில் மல்லிகைச் சரம் தொங்கியது. இராயப்பன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ராஜா மாதிரி நின்றார்.

"ஏறும்மா டிலானி. பேரனோட முன்னால ஏறு."

ரொஷானி குறுக்கே போய்க் கதவைச் சாத்தினாள். "பின்னால ஏறு டிலானி."

"இன்னைக்கு ஒரு நாளைக்குக்கூடவா?" என்றார் இராயப்பன். "சனம் பூராவும் பாதையில நிக்குதும்மா. எம் பேரன் திருடன் மாதிரி பின் சீட்டுல ஒளிஞ்சு வரணுமா?"

"வண்டி முட்டுறதுக்கு நல்ல நாள் கெட்ட நாள் தெரியாது மாமா."

அப்போதுதான் செபஸ்தியம்மா அதைச் சொன்னாள். சொல்லக் கூடாததை, ஆஸ்பத்திரி வாசலில், நாலு பேர் கேட்கச் சொன்னாள்.

"தன் வயித்துல ஒண்ணு தங்கல. அடுத்தவ புள்ளைக்கு வாற மரியாதையக் கண்டா எரியத்தானே செய்யும்!"

அந்த வார்த்தை ரொஷானியின் நெஞ்சை அறுத்துக்கொண்டு போனது. கண்ணில் நீர் நிறைந்து, எதிரே நின்றவர்களின் முகம் கலங்கித் தெரிந்தது.  ஆனால் கதவில் ஊன்றிய கையை அவள் எடுக்கவில்லை.

"அம்மா, வாய மூடு!" என்றாள் டிலானி. தையல் வலியோடு, குழந்தையை அணைத்தபடி பின் கதவைத் தானே திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

இராயப்பனுக்கு ரத்தம் தலைக்கேறியது. "சரி. எம் பேரனுக்குத்தானே பயம்? நான் ஏறுறேன். மாதா என்ன செய்யிறாங்கன்னு பாக்குறேன்." முன் சீட்டில் ஏறி, வெள்ளைத் துணி மேல் உட்கார்ந்து, கதவை அறைந்து சாத்தினார். செபஸ்தியம்மா முணுமுணுத்துக்கொண்டே மகளுக்குப் பக்கத்தில் ஏறினாள்.

ரொஷானி ஸ்டியரிங்குக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். சாவியைப் போடவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

"எடு வண்டிய."

"நீங்க எறங்குனா எடுக்குறேன் மாமா."

காவலாளி விசில் ஊதினான். பின்னால் நின்ற வேன் ஹோர்ன் அடித்தது. குழந்தை வீரிட்டது. அவள் அசையவில்லை.

"எனக்கு வயசாயிருச்சு. செத்தா சாகுறேன். ஒனக்கென்ன?"

"எங்கம்மா லொறியில செத்துப்போச்சு. எங்கப்பாவ நான் பாத்ததே இல்ல. கல்யாணம் கட்டி வந்த அன்னைக்கு, இனிமே நான்தான் ஒனக்கு அப்பான்னு சொன்னீங்களே, அது யாரு? நீங்களும் எனக்கு வேணும் மாமா. இந்தச் சீட்டுல ஒங்களயும் ஏத்த மாட்டேன்."

இராயப்பன் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். 

அவள் கையை நீட்டி, சுரூபத்தின் பாதத்தடியைக் காட்டினாள். காய்ந்த பசைக்குக் கீழே ஆங்கில எழுத்துகள் பாதி தெரிந்தன. "எயார்பேக்னு எழுதியிருக்கு. அது இந்த மூடிய ஒடச்சுக்கிட்டுத்தான் வெளிய வரும். மூடி மேல யாரு நிக்கிறா? வெடிச்சா புள்ள மூஞ்சியில மொதல்ல வந்து மோதுறது நீங்க ஒட்டுன மாதாதான். அதுக்கா மடுவுல வாங்கிட்டு வந்தீங்க?"

அந்தக் கிழவர் தான் ஒட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக விரலை நீட்டி அந்த எழுத்துகளைத் தடவினார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார். கதவில் தொங்கிய மல்லிகைச் சரத்தை அவிழ்த்தார். பின் சீட்டில் செபஸ்தியம்மாவை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இப்ப எடு" என்றார்.

அன்று வழியில் ஒன்றும் நடக்கவில்லை. எவனும் குறுக்கே வரவில்லை, டயர் வழுக்கவில்லை. தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை என்று எல்லா வளைவுகளையும் தாண்டிக் கார் பத்திரமாக வந்தது. தான் சொன்னது சரி என்று காட்ட ரொஷானிக்கு ஒரு சாட்சியும் கிடைக்கவில்லை. அவள் அதைத் தேடவும் இல்லை. தோட்டப் பாதையில் ஏறியபோது சனம் முன் கண்ணாடியை எட்டிப் பார்த்தது. காலியான சீட்டைக் கண்டு முகங்கள் வாடின. சட்டென்று பின் கண்ணாடியை இறக்கி, குழந்தையை ஏந்திக் காட்டியது இராயப்பன்தான்.

"இங்க பாருங்கய்யா, இங்க! எம் பேரன் இங்க இருக்கான்!"

செபஸ்தியம்மா மருமகளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் பத்தியச் சோறு சமைத்தபோது, மகளுக்கு எடுத்து வைத்ததைப் போலவே இன்னொரு தட்டிலும் எடுத்து வைத்து, ரொஷானியின் முன்னால் நகர்த்தினாள்.

சில வாரங்களில் கொழும்பிலிருந்து போன் வந்தது. சாமான் வந்துவிட்டது. மூடியைத் திறக்க வேண்டுமென்றால் சுரூபத்தை எடுத்தாக வேண்டும். யார் எடுப்பது என்று ரொஷானி தயங்கியபோது இராயப்பன் கத்தியையும் வெந்நீர்த் துணியையும் கொண்டு வந்தார். ஒரு காலைப் பொழுது முழுக்கக் குனிந்து உட்கார்ந்து, சிறு கீறலும் விழாமல் பெயர்த்தெடுத்து, வீட்டுப் பீடத்தில் வைத்தார். பசை காய்ந்த தடம் மட்டும் டேஷ்போட்டில் இருந்தது. ரொஷானி அதிகாலையில் பெரகலவைத் தாண்டி, ஹல்துமுல்லை வழியாகத் தனியே கொழும்புக்கு ஓட்டிப் போய், பழைய டப்பாவைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் நாள் வந்தது. டிலானி புதுச் சேலை உடுத்தி, வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சிரித்தபடி முன் கதவுக்கு வந்தாள்.

"அண்ணி, இப்பத்தான் எல்லாம் புதுசாச்சே. இன்னைக்காவது முன்னால வரட்டுமா?"

"பின்னால ஏறு."

"ஐயோ அண்ணி! இன்னுமா பழுது?"

"பழுது இல்ல. நல்ல எயார்பேக்கும் பெரியவங்களுக்குத்தான். மடியில இருக்கிற புள்ளைய அது நசுக்கிப்போடும். இவன் வளந்து பெரியவனாகுற வரைக்கும் பின் சீட்டுதான்."

லயத்து வாசலில் நின்ற சனம் "ஆரம்பிச்சுட்டாடா!" என்று தலையில் கை வைத்துச் சிரித்தது. செபஸ்தியம்மா பின் கதவைத் திறந்து, மகளை உள்ளே தள்ளினாள்.

முன் சீட் காலியாக இருந்தது. இராயப்பன் பக்கத்தில் வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு நின்றார்.

"நான் பெரியவன்தானேம்மா?"

"ஏறுங்க மாமா" என்றாள் ரொஷானி. அவர் உட்கார்ந்த பிறகும் அவள் வண்டியை எடுக்கவில்லை.

"பெல்ட்டப் போடுங்க."