மகனுக்கும் எனக்கும் எடுத்த ரத்தம்

மதுரை ஆஸ்பத்திரியில் வார்டு நடையில் நின்றபடி சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொள்வேன். பால் கசிந்து ஜாக்கெட் நனைந்திருக்கும். உள்ளே நான்கு வயது மகன் மாரிச்செல்வம் ரத்தப் புற்றுநோயோடு படுத்திருந்தான். பால் குடிக்க வேண்டிய மகள் பேச்சி, ஊரில், எப்போதும்வென்றானில், என் நாத்தனார் இடுப்பில் இருந்தாள். கைக்குழந்தையை அந்த வார்டுக்குள் விட மாட்டார்கள்.

அவனுக்கு முதலில் காலில் நீலம் பாரித்தது. பருத்திக் காட்டில் விழுந்திருப்பான் என்று நினைத்தோம். விளையாடுகிற பிள்ளைக்கு அடிபடாதா? பிறகு விளையாடவே போகாமல் சுருண்டு படுத்துக்கொண்டான். நீலம் மட்டும் கூடியது. கோவில்பட்டி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கே எங்களை மதுரைக்கு பஸ் ஏற்றிவிட்டார்.

இதைப் படிக்கிற பெற்றோருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த நோய்க்கு ஏற்றும் மருந்து, கெட்ட அணுக்களோடு வெள்ளை அணுக்களையும் (கிருமியை எதிர்க்கும் ரத்த அணுக்கள்) அழித்துவிடும். அந்தச் சமயத்தில் காய்ச்சல் வந்தால் வீட்டில் மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஓடுங்கள். விடிவதற்குள் பிள்ளை கைமீறிப் போய்விடலாம்.

மாரிச்செல்வத்துக்கு அந்தக் காய்ச்சல் வார்டில் இருக்கும்போதே வந்தது. உடனே கிருமிக்கான மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். கூடவே சி.ஆர்.பி. (கிருமித் தொற்றோ வீக்கமோ வந்தால் கல்லீரல் அதிகமாகச் சுரக்கும் ஒரு புரதம்) பார்க்க ரத்தம் எடுத்தார்கள்.

“கிருமி எங்கே இருக்குன்னு இது சொல்லாதும்மா. உடம்பு உள்ளுக்குள்ள சண்டை போடுதுன்னு மட்டும் காட்டும். மருந்து கேட்டுச்சுன்னா எண் இறங்கும்” என்றார் டாக்டரம்மா.

எண் இறங்கவில்லை, ஏறியது. அந்தக் கிருமி மட்டும் கண்ணுக்குத் தெரிந்திருந்தால் தலைமயிரைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

கண்ணை மூடினால் பேச்சி வந்து நிற்பாள். கீழே எந்தக் குழந்தை அழுதாலும் எனக்குச் சுரந்துவிடும். தாய்ப்பாலைக் கால் படுகிற இடத்திலோ சாக்கடையிலோ ஊற்றக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் டம்ளரில் பீய்ச்சி, மாடிப்படி இறங்கி, ஆஸ்பத்திரி வேப்பமரத்து மூட்டில் ஊற்றிவிட்டு வருவேன். மகள் வாய்க்குப் போக வேண்டியதை மரத்துக்கு ஊற்றும்போதெல்லாம் வயிறு எரியும். மகன் காய்ச்சலில் அனத்த ஆரம்பித்ததும் கீழே இறங்கிப் போக மனசு வரவில்லை. வாஷ்பேசினில் ஊற்றவும் கை வரவில்லை. பீய்ச்சாமலே விட்டுவிட்டேன். இடது மார்பு கல்லாகிப்போனது.

“உங்களுக்கு ஏன் இப்படி நடுங்குது?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“ஃபேன் காத்து டாக்டர்.”

ஃபேன் ஓடவில்லை. அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எனக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். எனக்கும் சி.ஆர்.பி. ஏறியிருந்தது. பால் கட்டி, அதில் கிருமி சேர்ந்து காய்ச்சல்.

“மாத்திரை தரேன். கூடவே பாப்பாவுக்குக் குடுங்க. அவ குடிக்கிறதுதான் பாதி வைத்தியம். ஆனா இவன் பக்கத்துல நீங்க இருக்கக் கூடாது. உங்க கிருமியை இவன் தாங்க மாட்டான்.”

அடி ஆத்தே! ஊருக்குப் போகணும், போகணும் என்று ஏங்கிக் கிடந்தவள், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போக மாட்டேன் என்று நின்றேன். ஆட்டையும் உளுந்துக் காட்டையும் விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் வந்தார்.

“நீ கெளம்பு. நான் இருக்கேம்லா.”

“ஒரு வாய் சோறு ஊட்டத் தெரியுமா ஒங்களுக்கு?”

“தெரியாது. பழகிக்கிடுதேன்.”

மகன் கண்ணைத் திறந்தான். “எம்மா, எங்க போற?”

“பாப்பாவப் பாத்துட்டு வாரேன் ராசா.”

“அவளுக்குத்தான் காய்ச்சல் இல்லலா?” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பஸ் முழுக்க அந்தக் கேள்விதான் என்னோடு வந்தது.

வாசலிலேயே நாத்தனார் பிள்ளையை நீட்டினாள். “மதினி, ஒங்க மகள மொதல்ல வாங்குங்க. பொழுதன்னைக்கும் என் சேலையப் பிடிச்சு இழுக்கா. பாலுக்கு நான் எங்க போவேன்?”

பேச்சி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பிறகு முட்டி முட்டிக் குடித்தாள். உயிர் போகிற வலி. கொஞ்சம் கொஞ்சமாகக் கல் இளகியது, காய்ச்சல் விட்டது. மடியில் ஒன்று இருந்தும் மடி காலியாக இருந்தது. இன்னொன்றைத் தொட முடியவில்லையே என்று கை தவித்தது.

சாயங்காலம் கடைக்கார அண்ணாச்சியின் போனுக்கு என் வீட்டுக்காரர் கூப்பிடுவார். “எறங்கல” என்பார், வைத்துவிடுவார். அதற்கு மேல் பேச இருவருக்கும் தைரியம் இல்லை. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் நான் பிழைத்துக் கிடக்க வேண்டும்.

ஒருநாள் எடுத்ததுமே சத்தம் போட்டார். “ஏட்டி, பாதியா எறங்கிருச்சு! வேற மருந்து மாத்துனாவல்லா, அது கேட்டுருச்சு. டாக்டரம்மாவே சிரிச்சிட்டாவ. இந்தா, பேசுதான்.”

கரகரவென்று ஒரு குரல். “எம்மா.”

அவ்வளவுதான். எனக்குச் சுரந்துவிட்டது. பேச்சி வீட்டில் தூங்குகிறாள். பேசுகிறவனோ பால்குடி மறந்து இரண்டு வருஷமான பிள்ளை. கடை வாசலில் ஜாக்கெட் முழுக்க நனைய, வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன்.

“எம்மா, நீ எப்பம் வருவ?”

மாரிச்செல்வம் பிழைத்துவிட்டான். இப்போது புதியம்புத்தூரில் தையல் கம்பெனியில் சட்டைத் துணி வெட்டுகிறான். அப்பாவைவிட உயரம். எனக்குப் பால் வற்றி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அவன் போனில் “எம்மா” என்றால் இடது மார்பு கனக்கிறது. என் உடம்புக்கு மட்டும் அவன் இன்னும் மதுரையில்தான் படுத்திருக்கிறான். நான் இன்னும் அவனிடம் போய்ச் சேரவில்லை.