மதினியின் பல்பொடி டப்பா

பச்சை மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா அது. முன்பு அதில் ஊறுகாய் இருந்திருக்க வேண்டும். எவ்வளவு கழுவியும் மூடியின் உள்பக்கத்து மஞ்சள் கறை போகவில்லை. மாட்டுங்கா லேபர் கேம்பில், எங்கள் வீட்டு வாசல் குழாயடிச் சுவரில், சோப்புக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படிதான் இருந்தது. நான் எதையும் லேசில் நம்பாதவள். பாலைக்கூட மோந்து பார்த்துத்தான் அடுப்பில் வைப்பேன். அப்படிப்பட்ட நானே தினமும் அந்த டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் சோப்பை எடுத்தேன்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மதினி என்போம். திருநெல்வேலிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவள். முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போய்விட்டது. மறுபடி உண்டானபோது வீட்டில் சத்தமாகச் சிரிக்கக்கூடப் பயந்தோம். அந்தச் சமயத்தில்தான் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆராய்ச்சி என்று எங்கள் சந்துக்கு வந்தார்கள். புகையிலையில் இருக்கும் நிக்கோட்டின் தாயின் உடம்பிலிருந்து பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்று பார்க்கிறார்களாம். மாசமாக இருக்கும் பெண்கள் ஒரு சின்னக் குழாயில் எச்சில் துப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். வந்த பெண் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். "புகையிலைப் பழக்கம் உண்டா?" என்று கேட்டாள். "எங்க அப்பா மேல சத்தியமா தொட்டதில்ல" என்றாள் மதினி.

எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஏழாவதோடு படிப்பை விட்டுவிட்டு, துணி தைக்கும் கார்கானாவில் நூல் வெட்டிக்கொண்டிருந்தவள் நான். படித்தவர்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கினால் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். எச்சிலை வைத்து என்ன செய்வார்கள்? யாரிடம் விற்பார்கள்? கார்கானாவில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எல்லாவற்றையும் நம்பினேன்.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தாள். எச்சிலில் நிக்கோட்டினின் தடம் நிறைய இருக்கிறது என்றாள். நிக்கோட்டின் உடம்புக்குள் போனதும் வேறொன்றாக மாறி, சில நாள் எச்சிலிலும் மூத்திரத்திலும் தங்குமாம். ரத்தக் குழாய்களைச் சுருக்குமாம். பிள்ளைக்குப் போகிற ரத்தம் குறையுமாம். "நீங்க பொய் சொல்றேள்னு நான் சொல்லலை. ஆனா உடம்பு வேற மாதிரி சொல்றதே" என்றாள். மதினி வயிற்றில் கைவைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. அண்ணன் அவளுடைய தலையணையைத் தூக்கிப் பார்த்தான். கேட்டதற்கு மூட்டைப்பூச்சி என்றான். அவன்தான் ஒளிந்து பீடி குடிக்கிறானோ என்று நான் அவன் சட்டைகளை மோந்து பார்த்தேன். அவன் வேலை பார்க்கும் தோல் பட்டறை வாடைதான் வந்தது. எச்சில் எடுத்த குழாய் வேறொருத்தியுடையதோடு மாறியிருக்கும் என்று நினைத்தேன். அப்புறம், வேண்டுமென்றே மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். மதினி மட்டும் யாரையும் சந்தேகப்படவில்லை. "முதப் பிள்ளையும் இதுலதான் போச்சோ?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள்.

இன்னொரு முறை எச்சில் எடுக்க அந்தப் பெண் காலையிலேயே வந்துவிட்டாள். மதினி குழாயடியில், வாயெல்லாம் கறுப்பாக, ஆள்காட்டி விரலை ஈறில் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேச முடியாமல், இரு என்று கை காட்டினாள். அந்தப் பெண் பச்சை மூடியைத் திறந்து மோந்தாள். முகம் மாறியது.

"இது என்னது?"

"பல்லு வெளக்குத பொடி" என்றேன் நான்.

மாவ்ஷி என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு மராத்திக்காரி, துணி அலசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "அரே, தம்பாகூ நஹி ஹை, மிஷ்ரி ஹை!" என்றாள். புகையிலை இல்லையாம், மிஷ்ரியாம். புகையிலை இலையைத் தவாவில் கருக வறுத்துப் பொடிப்பதுதான் மிஷ்ரி. அவள் வறுக்கும் நாளில் சந்தே இருமும். வந்த புதிதில் பல்வலி என்று அழுத மதினிக்கு அவள்தான் அன்பாகக் கொடுத்தாள். இலையைப் பார்த்திருக்கிறோம், புகையில் இருமியிருக்கிறோம். ஆனால் டப்பாவுக்குள் போனதும் எங்களுக்கு அது பல்பொடி. ஈறு வழியாகவே ரத்தத்தில் ஏறும் என்றாள் அந்தப் பெண். மதினி வாய் கொப்பளித்தாள். கொப்பளித்துக்கொண்டே இருந்தாள்.

விடுவது லேசாக இல்லை. தலைவலி, எரிச்சல், தூக்கமில்லை. நான் ஏதாவது சாக்குச் சொல்லி அவள் பக்கத்தில் போய் உட்கார்வேன். "என்னட்டி, தலையில பேன் பாக்க வந்தியா, வாயை மோந்து பாக்க வந்தியா?" என்பாள். அவளுக்குத் தெரியும்.

பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு. மிஷ்ரியாலா என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "ஒருத்தரை மட்டும் வச்சுண்டு அதைச் சொல்ல முடியாது. நெறயப் பேரைப் பாத்தாத்தான் தெரியும்" என்றாள். ஒருத்திக்குச் சொல்ல முடியாததை நிறையப் பேருக்கு எப்படிச் சொல்வார்கள்? இன்றைக்கும் எனக்கு அது பிடிபடவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கள் கேள்வியில் பல்பொடியையும் சேர்த்தார்களாம். நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் வீட்டில் அத்தனை பேரும் மதினியைப் பொய்க்காரியாகப் பார்த்தபோது, பொய் சொல்கிறாய் என்று சொல்லாதவள் அந்தப் பெண் ஒருத்திதான். அதை மட்டும் நம்புகிறேன்.

இப்போது அண்ணன் குடும்பம் கோபர்கைரனேயில் இருக்கிறது. போன மாதம் போயிருந்தேன். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். ஹிந்தியில் படபடவென்று பொரிகிறாள். இரண்டு தரம் இருமினாள், எனக்கு மனசு கேட்கவில்லை. கை கழுவப் போன இடத்தில், சோப்புக்குப் பக்கத்தில், அதே பச்சை மூடி. கதவைச் சாத்திக்கொண்டு திறந்தேன். உள்ளே ஹேர்பின்கள். அதோடு விட்டேனா? விரலால் அடிவரை துழாவி, விரலை மோந்து பார்த்தேன்.

வெளியே வந்தால் மதினி துண்டோடு நிற்கிறாள். என் விரலைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள்.

"என்னட்டி," என்றாள், "குழாய் கொண்டாந்திருக்கியா? துப்பித் தாரேன்."