கதவோரத்துப் பை

துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில் நான் பார்த்துக்கொண்ட அம்மா, தன்னுடைய ஆப்பிரிக்க நாட்டில் முதன்முதலாக நாவல் எழுதிய பெண். அரசாங்கத்தைக் கேள்வி கேட்டு எழுதியதற்கும், பெண்களைத் திரட்டி ஊர்வலம் போனதற்கும் பலமுறை சிறையில் இருந்தவர். எனக்குக் கிடைத்ததோ அவருடைய நீரிழிவும் பிரஷரும். புரட்சியெல்லாம் முடிந்த பிறகுதான் யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் எடுப்பார்கள் போல. அவரோடும் அவருடைய மகனோடும் நான் கதைத்தது ஆங்கிலத்தில், அரைகுறை என்னுடையது.

வாசல் கதவோரம் அம்மா ஒரு துணிப்பை வைத்திருந்தார். உள்ளே பிரஷ், சவர்க்காரம், போர்வை, ஒரு மாற்று உடுப்பு. பொலிஸ் வந்தால் தேடிக்கொண்டு நிற்கக்கூடாதாம். இங்கே கதவைத் தட்டுவது தண்ணீர் போத்தல்காரர் மட்டும்தான் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அங்கேயும் அப்படித்தான் மெதுவாகத் தட்டினார்கள்" என்றார்.

என்ஜினியர் மகனுக்கு அந்தப் பையைக் கண்ணில் காட்டக்கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை அதை எடுத்து பால்கனி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "கலாஸ், அதெல்லாம் முடிந்தது அம்மா. இது அஜ்மான்."

அன்றிலிருந்து அம்மா படுக்கவில்லை. சப்பாத்துப் போட்டபடி கதிரையில் இருந்தார். சோறு வேண்டாம், மருந்துக் குளிசை வேண்டாம். பிரஷர் ஏறியது. "ஐயோ, படுங்கோ அம்மா, உங்களுக்குக் கோடி புண்ணியம்" என்று தமிழிலேயே கெஞ்சினேன். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஷெல் விழுந்த காலத்தில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒரு பை தொங்கியது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், பிஸ்கட். அது கண்ணில் பட்டால்தான் எங்களுக்கு நித்திரை.

மகன் வேலை முடிந்து வந்ததும் அலுமாரிப் பூட்டின் திறப்பைக் கேட்டேன். உங்கள் விசாவைக் கான்சல் பண்ணிவிடுவேன் என்றார்.

"பண்ணுங்கோ" என்று வாய் முந்திவிட்டது.

அவர் கத்தவில்லை. கதிரையில் இருந்த தாயையே பார்த்தார். "சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் அந்தப் பையைத்தான் தேடுவேன். பை இல்லையென்றால் அம்மாவைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அர்த்தம். பூட்டி வைத்தால் எங்கேயும் போகமாட்டார்தானே?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று பொய் சொல்லிக் குசினிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது பை கதவோரம் இருந்தது. மகன் நிலத்தில் குந்தியிருந்து, தாயின் குளிசை அட்டைகளை அதற்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். சர்க்கரை பார்க்கும் மெஷினையும் வைத்தார்.

"மருந்து காலாவதியாகிறதா என்று அடிக்கடி பார்த்து மாற்றுங்கள்" என்றார் என்னிடம்.

அம்மா சப்பாத்தைக் கழற்றினார்.