நல்ல தண்ணீரில் விட்ட பெட்டி மீன்

எழுபதுகளில் பரளச்சிப் பக்கம் கோட்டைச்சாமியின் மாட்டுவண்டியைத் தெரியாத ஆள் கிடையாது. வண்டியின் முன்பக்கத்தில் காய்ந்த மீன் ஒன்று கயிற்றில் தொங்கும். மீன் என்று சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள். கனத்த பெட்டிக்கு வாலும் முன்னால் இரண்டு கொம்பும் வைத்த மாதிரி இருக்கும். "என்னய்யா இது?" என்று கேட்டால், "எங்க ஊருக் கிணத்த மூடப் பாத்த பாவி" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

அவருக்கு வேலை, மிளகாய் வத்தல் மூட்டைகளை மூக்கையூர்க் கடற்கரைக்குக் கொண்டுபோவதும் அங்கிருந்து உப்பும் கருவாடும் ஏற்றி வருவதும்தான். மற்ற வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டுப் படுத்துத் தூங்குவார்கள். இந்த மனுசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போய் நிற்பார். கரையோரம் கடற்புல் மண்டிய இடத்தில்தான் அந்தப் பெட்டி மீன் இருக்கும். உடம்பு வளையாது, அறுகோணச் சில்லுகள் தேன்கூடு போல ஒன்றோடொன்று ஒட்டி ஓடாகியிருக்கும். சின்னத் துடுப்புகளும் வாலும் கண்ணும் வாயும் மட்டும்தான் அசையும். ஆனால் சாமர்த்தியத்தைப் பாருங்கள்! வாயால் தண்ணீரைப் பீய்ச்சி மணலை விலக்கி, அடியில் கிடக்கிற புழுவைப் பொறுக்கித் தின்னும். கோட்டைச்சாமி பொழுது போவது தெரியாமல் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இதை வீட்டில் வந்து சொன்னால் மனைவி ஜக்கம்மாள் நம்ப வேண்டுமே! கடலையே பார்க்காதவள் அவள். "மாட்டுக்குக் கொம்பு இருக்கு, ஆட்டுக்கு இருக்கு. மீனுக்குமா? எங்க போய்க் குடிச்சிட்டு வாரீக?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

மீன் கதை கேட்க அவளுக்கு ஏது நேரம்? ஊரில் இருந்த தண்ணீர் எல்லாம் உவர். குடிக்கிற தண்ணீருக்கு அடுத்த ஊர் ஊருணிவரை நடந்து குடத்தைச் சுமந்து சுமந்து அவள் இடுப்பில் தழும்பே விழுந்திருந்தது. அறுபதுகளின் நடுவில் மழையும் பொய்த்து, அந்த ஊருணியும் சேறானது. ஊரே கூடிக் கிணறு வெட்டியது. வெட்டுக்காரர் மொக்கையன் பாறையைக் குடைந்து குடைந்து கடைசியில் ஊற்றைக் கண்டார். ஜக்கம்மாள் அன்று அழுதே விட்டாள்.

புதுக்கிணற்றுத் தண்ணீரை உடனே குடிக்க மாட்டார்கள் அந்த ஊரில். முதல் தண்ணீரைக் கல்தொட்டியில் ஊற்றி, அயிரை மீனை விட்டு வைப்பார்கள். விடியும்போது மீன் உயிரோடு இருந்தால் குடிக்கலாம். செத்தால் கிணற்றை மூடிவிட வேண்டியதுதான்.

அயிரை விட்ட அன்று சாயங்காலம்தான் கோட்டைச்சாமி கடற்கரையிலிருந்து வந்து சேர்ந்தார். கையில் ஒரு எண்ணெய் டின். அதில் கடல்தண்ணீரும் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி மீனும். மனைவியிடம் காட்டி வாயடைக்க வேண்டும் என்று தூக்கி வந்திருந்தார். மீனோ சோர்ந்துபோய்ச் சாய்ந்து கிடந்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை. 'பாவம், பொறந்ததிலிருந்து உப்புத்தண்ணிதான் குடிச்சிருக்கு. ஒரு நாளாவது நல்ல தண்ணி குடிக்கட்டுமே' என்று நினைத்தார். அயிரை நீந்திய அந்தத் தொட்டியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். விடிந்ததும் ஜக்கம்மாளைக் கூட்டி வந்து காட்டலாம் என்று எண்ணம். உவர்த்தண்ணீருக்கு வாக்கப்பட்ட ஊர்க்காரனுக்கு வேறென்ன தோன்றும்!

விடியக் கருக்கலில் போய்ப் பார்த்தால், அயிரை அத்தனையும் வயிற்றை மேலே காட்டி மிதக்கிறது. அவருடைய மீனும் செத்து அடியில் கிடக்கிறது. 'தண்ணி கெட்டது, எல்லாத்தையும் கொன்னுருச்சு' என்றே நினைத்தார். தன் மீனை எடுத்து டின்னில் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் ஒதுங்கி நின்றார்.

ஊர் கூடிவிட்டது. பெரியவர் ஐயாத்துரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மூடிருவோம்ப்பா. புள்ள குட்டிக இருக்கிற ஊரு" என்றார். மொக்கையன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஜக்கம்மாள் காலிக்குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருணிப் பாதையில் திரும்பினாள்.

அந்த முதுகைப் பார்த்ததும்தான் கோட்டைச்சாமிக்குச் சுரீர் என்றது. கடற்கரையில் கருவாடு காயப்போடும் சூசையம்மாள் முன்பு ஒருநாள் இதே மாதிரி மீனைக் கூடையிலிருந்து எடுத்து வீசினாள். "இத மத்த மீனோட சேக்கக் கூடாது வண்டிக்காரரே. பயந்துச்சுன்னா மேலெல்லாம் வழவழன்னு வெசத்த விடும். கூட இருக்கிற மீனு ஒண்ணும் பொழைக்காது" என்றாள். அன்றைக்கு அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"நில்லுங்கய்யா! கிணத்து மேல குத்தமில்ல. நாந்தான் பாவி!" என்று கத்தி டின்னைக் கவிழ்த்தார். கொம்பு வைத்த மீன் தரையில் விழுந்தது. சத்தம் கேட்டு ஜக்கம்மாளும் திரும்பி வந்தாள். நல்ல தண்ணீரில் விட்ட கடல்மீன் சாகிற தவிப்பில் விஷத்தை விட்டிருக்கும் என்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். "கூறுகெட்ட மனுசா, தொட்டியில விட வேற தண்ணியே கெடைக்கலையா?" என்று நாலு பக்கமும் ஏச்சு. பாதிப் பேர் நம்பவில்லை. கடைசியில் ஐயாத்துரைதான், "இன்னொரு தடவ விட்டுப் பாப்போம். இந்தத் தடவ செத்தா மூடிருவோம்" என்று முடித்தார். தொட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். புதுத் தண்ணீர், புது அயிரை. கோட்டைச்சாமியைத் தொட்டிப் பக்கமே விடவில்லை.

அடுத்த நாள் விடிந்தது. மொக்கையன் எட்டிப் பார்த்து, "ஏலே, ஓடுதுடா! அம்புட்டும் உசுரோட ஓடுதுடா!" என்று கூவினார். அப்பாடா! ஐயாத்துரை அங்கேயே கிணற்றைப் பார்த்துக் கும்பிட்டார். கோட்டைச்சாமி தூரத்தில் வேப்பமரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஜக்கம்மாள் அவரிடம் வந்து நின்றாள். "கொம்பு வச்ச மீன் இருக்குத்தான். ஒத்துக்கிறேன்" என்றாள். அவர் நிமிர்ந்து சிரிக்கப் போனார். "ஒரு நாளாவது நல்ல தண்ணி குடிக்கட்டும்னு அந்த மீனுக்காக உங்களுக்குத் தோணுச்சுல்ல? வாக்கப்பட்டு வந்த நாளா நாஞ் சொமக்கேன். எனக்காகத் தோணுச்சா?"

கோட்டைச்சாமி எழுந்து போய்க் கயிற்றைப் பிடித்துத் தானே இறைத்தார். ஆண்கள் தண்ணீர் இறைத்து அந்த ஊர் பார்த்ததில்லை. பார்க்கட்டும் என்று இறைத்தார். அவள் இரண்டு கையையும் குவித்தாள். அவர் ஊற்ற ஊற்ற, கண்ணை மூடிக்கொண்டு வயிறு நிறையக் குடித்தாள்.