திரும்பி வராத படிவம்

மார்லிஸ் ஹ்ரூபி எங்கள் வங்கிக்கு வேலைக்கு வந்தபோது அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. அதற்கு முன் பத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். முழங்கால் மக்கர் பண்ணியதால் உட்கார்ந்து செய்கிற வேலை தேடினாள். நெப்ராஸ்காவில் எங்கள் ஊரளவு ஊரில் வங்கி என்றால் நான்கே பேர்: மேலாளர் ட்ரென்ட், கணக்குக்கு ஒருத்தி, காசாளராக நான், கடன் காகிதங்களுக்கு மார்லிஸ்.

டிராக்டரையோ மாடுகளையோ ஈடாக வைத்து ஒருவர் கடன் வாங்கினால், அந்த ஈட்டின் மேல் எங்களுக்கு உரிமை உண்டு என்று தலைநகரில் உள்ள பதிவகத்தில் ஒரு படிவம் பதிய வேண்டும். பதியாமல் விட்டு அவர் நொடித்துப்போனால், அவருக்குக் கடன் கொடுத்த அத்தனை பேரோடும் நாங்களும் கூட்டத்தில் நிற்க வேண்டியதுதான்.

முதல் மாதம் மார்லிஸ் அனுப்பியதில் ஆறு படிவங்கள் திரும்பி வந்தன. ஒன்றில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் ஒன்றுமே இல்லை. இன்னொன்றில் ஆளின் பெயரையும் அவருடைய பண்ணைக் கம்பெனியின் பெயரையும் ஒரே வரிசையில் நிரப்பியிருந்தாள். மூன்றாவதில் முகவரி விட்டுப்போயிருந்தது. அவளுக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவள் இப்படி வந்தால் முணுமுணுத்துக்கொண்டே திருத்தி அனுப்பிவிடுவாள். மார்லிஸ் பதிவகத்துக்கே போன் போட்டாள்.

“முகவரி இல்லன்னு கண்டுபிடிச்சீங்களே, அது சரியான முகவரியான்னும் பாப்பீங்களா?”

மறுமுனையில் ஒரு பெண் சிரித்தாள். “இல்லம்மா. கட்டம் நிரம்பியிருக்கான்னு பாக்குறதோட எங்க வேலை முடிஞ்சுது. உள்ள எழுதினது சரியா தப்பான்னு பாக்க எங்களுக்கு அதிகாரமே கிடையாது.”

“அப்போ பேர தப்பா எழுதி அனுப்பினா?”

“வாங்கி வச்சுக்குவோம்.”

போனை வைத்தவள் என் பக்கம் திரும்பினாள். “நம்ம காயிதம் திரும்பி வரலன்னா எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு நெனச்சிட்டு இருக்கோம். திரும்பி வராததுலதான் ஏதோ இருக்கும்போல.”

பதிவகத்தின் தேடல் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் ஒருவர் பெயரைப் போட்டு, அவர் சொத்து யாரிடம் ஈடாக இருக்கிறது என்று பார்க்கலாம். படிவத்தில் எழுதும் பெயரும் தேடும் பெயரும் ஓட்டுநர் உரிமத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும்; எழுத்து மாறித் தேடலில் வராமல் போனால் பதிந்தும் பயனில்லை. சட்டம் அப்படி. மார்லிஸ் கையில் முதலில் கிடைத்த கோப்பு பட் கோவாண்டாவினுடையது. முப்பது வருடமாக எங்கள் வாடிக்கையாளர். ஊருக்கு அவர் பட். எங்கள் காகிதங்களிலும் அவர் கையெழுத்திலும் பெர்னார்ட். ஆனால் கோப்பில் அவருடைய உரிமத்தின் நகல் இல்லை. மார்லிஸ் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் பண்ணைக்குக் கிளம்பினாள். எனக்கும் ஆவல். தொற்றிக்கொண்டேன்.

பட் கொட்டகையில் அறுவடை இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தார். மார்லிஸின் குரல் கேட்டதும் பூட்ஸ் மட்டும் அசைந்தது.

“என்னம்மா, எம்பொண்ணு பஸ்ல எதையாவது மறந்து வச்சிட்டாளா? அவளுக்கே இப்ப ரெண்டு புள்ள.”

“உங்க லைசென்ஸ காட்டுங்க பட்.”

“வேகமா ஓட்டினனா? நான் படுத்துல்ல கெடக்கேன்!”

எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினார். மார்லிஸ் அதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். ஒவ்வொரு எழுத்தாக விரலை ஓட்டினாள்.

“பட், இதுல பெர்ன்ஹார்ட்னு இருக்கு.”

“யாரு?”

“நீங்கதான்.”

அவர் வாங்கி, தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அச்சில் பெர்ன்ஹார்ட். அதற்குக் கீழே அவரே போட்ட கையெழுத்தில் பெர்னார்ட். ஒன்றாம் வகுப்பு டீச்சர் மேசையில் ஒட்டிய அட்டையில் பெர்னார்ட் என்று எழுதினாளாம். அன்றிலிருந்து அப்படியே எழுதிவந்திருக்கிறார். தாத்தாவின் பெயரை வைத்ததாக அம்மா சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“அடக் கடவுளே,” என்றார். “எம்பொண்டாட்டி எங்க ரெண்டு பேருக்கும் கல்லறைக் கல்லே வாங்கி வச்சிட்டா. பெர்னார்ட்னு செதுக்கியாச்சு.”

“கல்லு எப்படி வேணா இருக்கட்டும். எனக்குப் படிவம் சரியா இருக்கணும்.”

வங்கிக்குத் திரும்பியதும் தேடல் பக்கத்தில் பெர்ன்ஹார்ட் கோவாண்டா என்று தட்டினாள். ஒன்றுமே வரவில்லை. முப்பது வருட வாடிக்கையாளரின் ஈடு எங்கள் பெயரில் இருப்பது இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. நல்லவேளை, அந்தப் பெயரில் வேறு யாரும் பதிந்திருக்கவும் இல்லை. அன்று மாலைக்குள் திருத்தப் படிவம் போனது.

மறுநாள் எல்லாக் கோப்புகளையும் இப்படிப் பார்க்கப்போவதாகச் சொன்னாள். ட்ரென்ட்டுக்குப் பிடிக்கவில்லை.

“மார்லிஸ், இருநூறு கோப்புக்கு மேல இருக்கு. பதிவகம் ஏத்துக்கிட்டத நீங்க ஏன் கிளறுறீங்க?”

“ஏத்துக்கிட்டாங்க, சரி. தேடினா கிடைக்குதா?”

ட்ரென்ட் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் செய்துகொள்ளச் சொன்னார். அந்த வசந்தம் முழுக்க மார்லிஸ் ஒரு கையில் கோலாச்சி என்கிற பழக்கூழ் வைத்த பன்னும் மறு கையில் யாராவது ஒருவருடைய உரிமமுமாகத்தான் இருந்தாள். கோலாச்சியின் பழக்கூழ் அவள் விசைப்பலகையில் அங்கங்கே ஒட்டியிருக்கும். ஊரில் அவளுக்கு ஷெரிஃப் என்று பட்டமே வைத்துவிட்டார்கள். மளிகைக் கடையில் அவளைக் கண்டால் பர்ஸைத் திறந்து நீட்டுவார்கள். “பாத்துக்க ஷெரிஃப், அதே ஆளுதான்!”

ஒன்பது பெயர்கள் தப்பாக இருந்தன. ஒரு பெண் மறுமணத்துக்குப் பிறகு உரிமத்தை மாற்றியிருந்தாள், எங்களிடம் சொல்லவில்லை. ஒருவருக்குப் பெயரின் பின்னொட்டான ஜூனியரைக் குடும்பப் பெயரோடு சேர்த்து எழுதிவிட்டோம். அது மார்லிஸே செய்தது. அன்று அவள் கோலாச்சியைத் தொடவே இல்லை.

அடுத்த ஜனவரியில் அந்த ஒன்பதில் ஒருவர், பன்றிப் பண்ணை வைத்திருந்தவர், நொடித்துப்போனார். நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் உரிமத்தில் உள்ள பெயரைப் போட்டுத் தேடினார். ஏப்ரலில் திருத்திய எங்கள் படிவம்தான் முதலில் வந்தது. பன்றிகள் மேல் முதல் உரிமை எங்களுக்கே என்று அந்த வழக்கறிஞர் எழுதிய கடிதத்தோடு ட்ரென்ட் அவள் மேசைக்கு வந்து நின்றார்.

“இத எப்படிங்க யோசிச்சீங்க?”

“யோசிக்கல. தேடினா வருதான்னு பாக்கணும்போல இருந்துச்சு, பாத்தேன்.” காதிலிருந்த போனைக் கையால் பொத்திக்கொண்டாள். “கொஞ்சம் இருங்க, பதிவகத்துல பேசிட்டிருக்கேன்.”

பிறகு போனில் கேட்டாள்: “ஆங், சொல்லுங்க. லைசென்ஸ் காலாவதியாயிட்டா அப்புறம் எந்தப் பேரு?”