அவரே பேசணும்

மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஹெர்லிந்தா செருப்பைக் கழற்றிவிட்டுக் கறுப்பு ஷூவை மாட்டிக்கொள்கிறாள். செருப்புக் காலோடு வந்தவள் குத்தும் முத்திரையை எவனும் நம்பமாட்டான் என்பது அவள் கணக்கு. பிறகு கைக்குட்டையால் உதட்டுச் சாயத்தை அழுத்தித் துடைக்கிறாள். சிறைக்குப் போனால் சாயம் உண்டு, ஆஸ்பத்திரிக்கு இல்லை. "உள்ள கெடக்குறவனுக்குக் கொஞ்சம் கலர் வேணும். சாகக் கெடக்குறவங்க முன்னாடி என்ன மினுக்கு?"

பேக்கர்ஸ்ஃபீல்டு நகரத்து வெயிலில் முத்திரை மை காய்ந்துவிடும். அதனால் பனிக்கட்டிப் பை வைத்த சாப்பாட்டுப் பெட்டியில்தான் அவளுடைய முத்திரை பயணம் செய்கிறது. பெட்டிக்கு ஒரு குட்டிப் பூட்டு. முத்திரைக்குப் பக்கத்தில் பீன்ஸ் மடித்த ரொட்டி.

அவள் நடமாடும் நோட்டரி. நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் எழுந்து வர முடியாவிட்டால் இவள் போவாள். படுக்கைக்கு, கம்பிக்கு, வெங்காயக் கொட்டகைக்கு. மெக்சிகோவிலிருந்து வந்த சனத்துக்கு, அவர்கள் ஊர் வழக்கப்படி, நோட்டரி என்றால் பெரிய வக்கீல். "வக்கீலம்மா, இந்தக் கேசு ஜெயிக்குமா?" என்பார்கள். "நான் வக்கீல் இல்ல சாமி. இன்னார் எதிர்ல இன்னார் கையெழுத்துப் போட்டாருன்னு சொல்ற சாட்சி. அம்புட்டுதான்" என்பாள். நம்பமாட்டார்கள். போகும்போதும் "வரேன் வக்கீலம்மா" என்றுதான் சொல்வார்கள்.

தொலைபேசியில் எல்லோருக்கும் ஒரே பாட்டு: "அவரு முழிச்சிருக்கணும். அவரே பேசணும். பேனா பேசாது, பாத்துக்குங்க."

அன்று அழைத்தவள் ரெமேதியோஸ். திராட்சைத் தோட்டத்தில் உழைத்த நிக்கானோர் என்ற கிழவருக்கு அடுத்த வீட்டுக்காரி; அவருடைய பேத்தி இட்செலுக்கு ஞானத்தாய். குழந்தையின் அம்மா, அவருடைய மகள், மண்ணுக்குள் போய் மூன்று வருடம். அப்பன் யாரென்று ஊருக்குத் தெரியாது. தாத்தாவும் போய்விட்டால் ரத்த சொந்தம் என்று ஒருவரும் இல்லை. 'என் பேத்தியை ரெமேதியோஸிடம் விடுங்கள்' என்று அவர் கையெழுத்திட்ட காகிதம் நாளைக் காலை நீதிபதியின் மேசைக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் ஆறு வயதுக் குழந்தையை அரசாங்கம் முகம் தெரியாத ஒரு வீட்டில் கொண்டுபோய் விடும். இன்று மாலையே கிழவருக்குத் தொண்டையில் குழாய் போடப் போகிறார்கள். அதன்பின் பேச்சு கிடையாது.

ஹெர்லிந்தா அறைக்குள் நுழைந்தாள். நிக்கானோர் தலையணையில் சாய்ந்திருந்தார். மழமழவென்று சவரம், எண்ணெய் தடவி வாரிய தலை, கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய வெள்ளைச் சட்டை. அடையாள அட்டை மார்பின்மேல் இருந்தது. ரெமேதியோஸ் கல்யாண வீட்டுக்காரி மாதிரி நின்றிருந்தாள்.

கிழவரின் கண்கள் பாதி மூடியிருந்தன.

"ஏன் இப்படி சொக்குறாரு?"

"வலிக்கு ஊசி போடச் சொன்னேன் வக்கீலம்மா," என்றாள் ரெமேதியோஸ் பெருமையாக. "காலையில இருந்து முனகல். பெரிய மனுஷி வர்றப்ப அந்தக் கோலத்துலயா காட்டுறது? அண்ணன் மானமுள்ளவரு."

ஹெர்லிந்தா பெட்டியைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்து அவர் முகத்தருகே உட்கார்ந்தாள்.

"ஐயா, உங்க பேரு என்ன?"

"நிக்கானோர்... நிக்கானோர் புவென்தே."

"இந்தக் காயிதம் எதுக்குன்னு சொல்லுங்க?"

"திராட்சைக்கு. நாலாவது வரிசை முடிஞ்சிருச்சு. கத்திதான் மழுங்கிப்போச்சு."

"இட்செலுக்குன்னு சொல்லுங்கண்ணே! இட்செல்!" ரெமேதியோஸ் அவர் தோளை உலுக்கினாள்.

"இட்செல்," என்றார் அவர், கிளிப்பிள்ளை போல.

"சொல்லிட்டாரு! எழுதுங்க!"

"நீங்க சொல்லிக்குடுத்தா அது உங்க பேச்சு, அவரு பேச்சு இல்ல. விடுங்கம்மா, தெளியட்டும்."

காத்திருந்தார்கள். ஈரத்துணியால் முகம் துடைத்தார்கள். வெளியே குழாய் மாட்டும் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. திடீரென்று கிழவர் கண் திறந்தார்.

"பாப்பா சாப்பிட்டாளா?"

"பாத்தியா! பாப்பாவைக் கேக்குறாரு!" ரெமேதியோஸ் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஹெர்லிந்தாவின் கை நீலப் பேனாவை எடுத்துவிட்டது. "ஐயா, உங்களுக்கு அப்புறம் பாப்பாவை யாரு பாத்துக்கணும்? நீங்களே சொல்லுங்க."

அவர் சிரித்தார். "அவ அம்மா வந்துருவாளே."

பேனா பைக்குள் திரும்பிப் போனது.

"ஒரு வார்த்தை! ஒரு வார்த்தைக்காகப் பச்சப் புள்ளைய அநாதையாக்குறியே! நீ பெத்தவதானா?"

"பெத்தவதான்."

"அப்போ குத்துடி! இங்க யாரு பாக்குறா?"

"ஊசி போட்ட நேரம் நர்ஸ்கிட்ட எழுத்துல இருக்கு. நாளைக்கு நீதிபதி கேட்டா, புத்தி தெளியாதவர்கிட்ட கையெழுத்து வாங்குனவள்னு உன் பேருதான் கெடும். அப்புறம் புள்ளைய உன் வாசப்படிகூட மிதிக்க விடமாட்டாங்க." ஹெர்லிந்தா காகிதத்தை மடித்து அவளிடம் நீட்டினாள். "காலையில நீயே போய் நீதிபதி கால்ல விழு. வேற எனக்குத் தெரியல, தாயி."

ரெமேதியோஸ் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். தான் கேட்டு வாங்கிய ஊசி அது.

ஹெர்லிந்தா எழுந்தாள். கிழவரின் கை அவள் கையைப் பற்றியது. நிக்கானோர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்; கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

"வந்துட்டியாம்மா? இம்புட்டு வெயில்ல எங்க போயிருந்த?"

மதியம் கொடுத்து அவர் தொடாமல் வைத்திருந்த சிவப்பு ஜெல்லிக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார். "தின்னும்மா. உனக்குத்தான் வச்சிருந்தேன்."

முப்பது வருடமாக 'நீ சொல்கிற ஆள் நீதானா' என்று ஊரையே கேட்டுவந்த ஹெர்லிந்தா, அவருடைய மகளாகவே மறுபடி உட்கார்ந்தாள். மூடியை உரித்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்க, கரண்டி கரண்டியாக அதைத் தின்னத் தொடங்கினாள்.