கணினிக்குள் ஒரு கணினி, அதற்குள் அக்காவின் நட்சத்திரம்

கோலாலம்பூருக்கு வெளியே, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே அட்டைப்பெட்டிகளுக்கு லேபல் அடிக்கும் எந்திரம் ஒன்று இருக்கிறது. இருபது வருடத்துக்கு முந்தைய விண்டோஸைத் தவிர வேறு எதனோடும் பேச மாட்டேன் என்று அடம்பிடிக்கும். முதலாளிக்குப் புது எந்திரம் வாங்க மனம் வரவில்லை. ஆகவே புதுக் கணினியில், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டு, அதற்குள் பழைய விண்டோஸை ஏற்றி உட்கார வைத்திருக்கிறேன். இதற்கு மெய்நிகர் கணினி என்று பெயர். உள்ளே இருப்பதற்குத் தான் உள்ளே இருக்கிறோம் என்பதே தெரியாது. தனக்கென்று தனி வட்டு, தனிக் கடிகாரம் எல்லாம் இருப்பதாக நம்பிக்கொண்டு ஒழுங்காக வேலை பார்க்கும்.

இந்தப் பெருமையை வீட்டில் ஒரு நாள் விளக்கித் தொலைத்தேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுகிறவள் என்ற பெயர்தான் மிஞ்சியது. அன்று முதல் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் எனக்கு ஒரு கோப்பை தே தாரேக் வருவதற்கு முன்னால் பழுதான பிரிண்டர் வந்துவிடும்.

ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸ் சோதிடர் வீட்டுக்கு நான் போனது அக்காவுக்காக. அக்காவுக்கு அப்போது நாற்பது வயது. அம்பாங்கில் அவள் வேலை பார்க்கும் அலுவலகத்திலேயே ஒருவரைப் பிடித்துப்போய், அவருக்கும் அவளைப் பிடித்துப்போய், எல்லாம் கூடி வந்த நேரத்தில் கிள்ளானில் இருக்கும் அவருடைய அம்மா ஒரு கேள்வி கேட்டார். பொண்ணு என்ன நட்சத்திரம்?

ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ தெரியாது. அதற்கு முன் ஐந்து வரன்கள் வந்த வழியே போயின. ஐந்து பேருக்கும் அம்மா உயிரோடு இருந்தார்கள். எனக்கு இருபத்தாறில் கல்யாணம் முடிந்தது. என் ஜாதகம் எழுதப்படவே இல்லை. அக்காவுடையது அப்பா இந்தியா போனபோது எழுதி வாங்கி வந்தது, இரண்டாம் முறை அவர் போகவில்லை. "அதனாலதான் நீ தப்பிச்ச" என்று அக்கா கேலி செய்வாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், எனக்குத்தான் சிரிப்பு வராது.

கிள்ளான் அம்மா உடனே வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் சோதிடர் ஒருவர்மேல் அவருக்கு அசாத்திய நம்பிக்கை. அவர் பார்த்து, தோஷமில்லை என்று அச்சடித்த தாளைக் கொடுத்தால் சம்மதம் என்றார். ஆனால் சோதிடரின் கணினி அந்த மாதம்தான் செத்துப்போயிருந்தது. அவருடைய ஜாதக மென்பொருள், என்றைக்கோ சென்னையிலிருந்து குறுந்தட்டில் வந்தது, மகன் வாங்கிக்கொடுத்த புது மடிக்கணினியில் ஓடவே மாட்டேன் என்றது. பொருத்தம் பார்க்க வந்தவர்களை எல்லாம் அவர் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அக்காவின் கல்யாணம் ஒரு பழைய விண்டோஸுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

இது என் பேட்டை. ஒரு சனிக்கிழமை காலை குறுந்தட்டு ஓட்டியும் கையுமாகப் போய் இறங்கினேன்.

சோதிடர் எழுபதை நெருங்கியவர், நல்ல பூரிப்பான மனிதர், நெற்றி நிறைய விபூதி. நான் செய்யப்போவதைச் சொன்னதும் மடிக்கணினியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"இதுக்குள்ள இன்னொண்ணு வைக்க இடம் இருக்கா மா?"

"இருக்கு அங்கிள். சும்மா நெனப்புல வைக்கிறதுதான்."

"நல்ல நேரத்துல ஆரம்பிச்சிருவோம் லா. ராகு காலத்துக்கு முன்ன முடிச்சிரணும்."

"ஒம்போது மணிக்கே வந்திரும்னு காலண்டர்ல போட்டிருக்கே?"

"அது காலைல ஆறு மணிக்கு சூரியன் வர்ற கணக்கு. நம்ம ஊரு சூரியன் எழுந்திருக்கவே ஏழு தாண்டிரும். நமக்குப் பத்தே கால்லருந்துதான்."

மனிதர் கறாரானவர் என்று அப்போதே தெரிந்தது. வேலையை ஆரம்பித்தேன். அவரிடம் பழைய விண்டோஸ் தட்டும் அதன் எண் ஒட்டிய உறையும் பத்திரமாக இருந்தன. ஆனால் நீலத் திரை வந்து கோப்புகளை ஒவ்வொன்றாக விழுங்குவதற்குள் மணி பத்தே கால் ஆகிவிட்டது. இன்னும் முப்பத்து நான்கு நிமிடம் என்று திரை சொன்னது.

"நிறுத்தும்மா."

"பாதில நிறுத்த முடியாது அங்கிள், எல்லாம் கெட்டுப்போயிரும்" என்று வழக்கமான பதிலைச் சொல்லி முடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. நிஜக் கணினியில்தான் முடியாது. மெய்நிகர் கணினியை நடுவழியிலேயே உறைய வைக்கலாம். பட்டியலில் ஒரு சொடுக்கு. திரை சாம்பல் நிறமாகி அப்படியே நின்றது. நாங்கள் எதிர்க்கடையில் தோசை சாப்பிட்டு, வடை சாப்பிட்டு, அவருடைய மூன்று பேரப்பிள்ளைகளின் கிரகநிலைகளையும் பேசி முடித்து, பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்பாகத் திரும்பி வந்து மறுபடி ஓடவிட்டோம்.

நிறுவி முடிந்து பச்சைக் குன்றும் நீல வானமும் திரையில் வந்தபோது சோதிடர் கைகூப்பாத குறை. பழைய ஆளைத் திரும்பப் பார்த்த சந்தோஷம். பிறகு மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அது ஒன்றரை மணி நேரம் பின்தங்கி இருந்தது.

"என்னம்மா இது?"

"நாம நிறுத்தி வச்ச நேரம் அதுக்குத் தெரியாது அங்கிள்."

"அப்போ உள்ள ராகு காலமே வரலையா?"

"வரல."

அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "முப்பது வருஷமா ஜனங்களுக்கு ராகு காலத்த ஒதுக்கத்தான் சொல்லிக் குடுத்தேன். இல்லாமலே ஆக்குற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்."

கடிகாரத்தைச் சரிசெய்து, ஜாதக மென்பொருளையும் போட்டேன். அதற்குள் அவர் சுட்டியை உள்ளே கொண்டுபோய்விட்டு வெளியே எடுக்கத் தெரியாமல் இரண்டு தடவை கத்தினார். எந்த விசையை அழுத்தினால் வெளியே வரலாம் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டினேன்.

"சரி, தெரிஞ்ச ஜாதகம் ஒண்ண போட்டுப் பாரு" என்றார்.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அக்கா பிறந்த தேதி, அதிகாலை நான்கு பன்னிரண்டு. அப்பா ரயில்வேக்காரர். பிரசவ அறைக்கு வெளியே நின்று, குழந்தையின் முதல் அழுகை கேட்ட நிமிடத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்தவர். நான்கு பத்து என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் கோபம் வரும். எண்களை அடித்தேன். ஆயில்யம், முதல் பாதம் என்று வந்தது.

"கரெக்டா வருது அங்கிள்."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "ஊரு சென்னைன்னு இருக்கே. மாத்தலியா? உன் அக்கா எங்க பொறந்தா?"

"இங்கதான். கோலாலம்பூர்."

அவரே ஊரை மாற்றினார். ஆயில்யம் போனது. பூசம், நான்காம் பாதம் என்று வந்து நின்றது.

என் தொழிலில் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் வந்தால் அதற்குப் பழுது என்று பெயர். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன். மெய்நிகர் கணினியையே அணைத்துத் திறந்தேன். சென்னை என்றால் ஆயில்யம், கோலாலம்பூர் என்றால் பூசம். சோதிடர் அதற்குள் அந்த வருடத்துப் பழைய பஞ்சாங்கத்தை விரித்து, ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுவிட்டிருந்தார்.

"மிஷின் சரியாத்தான் சொல்லுது மா. பூசந்தான். ஆயில்யம்னு எவன் எழுதுனது?"

எழுதியது எவன் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கு ஒரு வயது ஆகும்முன் அப்பா தமிழ்நாட்டுக்குப் போனபோது, அங்கே பெரிய ஆள் என்று பெயர் எடுத்த சோதிடரிடம் எழுதி வாங்கி வந்த நோட்டு அது. அப்பா நான்கு பன்னிரண்டு என்று சொன்னார், அந்த ஆள் தன் ஊரின் நான்கு பன்னிரண்டுக்குக் கணித்தார். இங்கே நான்கு பன்னிரண்டு அடிக்கும்போது அங்கே இரவு ஒன்று நாற்பத்திரண்டுதான். அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. அதன்பிறகு வந்தவர்கள் எல்லாம் நோட்டில் ஆயில்யம் என்ற எழுத்தைப் பார்த்தார்களே தவிர ஒருவரும் மறுபடி கணிக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. சோதிடம் உண்மையா பொய்யா என்ற விவாதத்தை எல்லாம் நான் தோசைக்கடையிலேயே விட்டிருந்தேன். பொய் என்றே வைத்துக்கொண்டாலும், பொய்யையாவது சரியாகக் கணித்திருக்கக் கூடாதா?

அக்காவைக் கைபேசியில் அழைத்துச் சொன்னேன். "மறுபடி சொல்லு" என்றாள். பிறகு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை, நிற்கவே இல்லை. கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லிராத" என்றாள்.

சோதிடர் அச்சடித்துக் கையெழுத்துப் போட்ட தாள் அன்று மாலையே கிள்ளானுக்குப் போனது. "பூசமா! முருகன் நட்சத்திரமாச்சே" என்று கிள்ளான் அம்மா போனிலேயே மருமகளே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். போன வாரம் வரை தன் உயிருக்கே ஆபத்தாக இருந்தவளிடம் இந்த வாரம் பால்கோவா பிடிக்குமா என்று விசாரித்தார். அக்கா பிடிக்கும் என்று சொல்லிவைத்தாள்.

அப்பாவிடம் சொல்வதற்கு நாங்கள் ஒரு கதை தயாரித்தோம். நோட்டு எழுதியவரின் கணக்கிலேயே ஏதோ கோளாறு இருந்ததாம், புதுக் கணினி சரிசெய்துவிட்டதாம். பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் உட்கார வைத்து நான் சொல்ல, அவர் பொறுமையாகக் கேட்டார்.

"என்ன கோளாறு?"

"ஊரு தப்பா போட்டிருந்திச்சுப்பா" என்று உளறிவிட்டேன். அக்கா என் காலை மிதித்தாள். மிதித்தது தாமதம்.

அப்பா கூரையைப் பார்த்தார். நேர அட்டவணைகளோடு வாழ்ந்த மனிதருக்கு அதிக நேரம் ஆகவில்லை. "ரெண்டரை மணி நேரம்" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு என்னைப் பார்த்து, "அந்த மிஷின் ஒன்கிட்ட இருக்கா? எனக்குக் காட்டு" என்றார்.

மெய்நிகர் கணினியில் அது ஒரு வசதி. மொத்தத்தையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுத்து எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம். சோதிடரைக் கேட்டு ஒரு பிரதியை என் மடிக்கணினியில் வைத்திருந்தேன். திறந்து அவர் முன்னால் வைத்தேன். ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எண்ணாகத் தேடித்தேடி அவரே அடித்தார். நான்கு. பன்னிரண்டு. சென்னை என்று வைத்தார், ஆயில்யம் வந்தது. கோலாலம்பூர் என்று மாற்றினார், பூசம் வந்தது. மறுபடி சென்னை. மறுபடி கோலாலம்பூர். ஐந்தாறு தடவை மாற்றிப் பார்த்திருப்பார்.

"போதும்பா" என்றாள் அக்கா. "எனக்குக் கல்யாணம். அதப் பாருங்க."

"மன்னிச்சிரும்மா" என்றார் அப்பா. எங்கள் இருவரிடமும் அவர் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. அழுதுவிடுவேன் போல இருந்ததால் நான் சுட்டியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

திரையில் பூசம் என்று இருந்தது. அப்பா அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விரலைத் தூக்கிக்கொண்டார், பட்டால் கெட்டுவிடுமோ என்பதுபோல.

"இத மூடிட்டா பழையபடி ஆயிருமா?"

ஆகாதுப்பா என்று நான் சொல்வதற்குள் அக்கா எழுந்து வந்து, அவர் பார்க்கப் பார்க்க, மடிக்கணினியை மூடினாள்.